46 வயதில் ஒட்டுக் கட்டக் கற்றேன்

ஓசூரில் நான் வேலை பார்த்த ஆலையை மூடியபோது எனக்கு 46 வயது. அடுத்தடுத்து அப்பாவுக்குப் பக்கவாதம், மகளின் கல்லூரிக் கட்டணம், எனக்கு ரத்த அழுத்தம். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை.

ஒரு நாள் 14416-ஐ அழைத்தேன். டெலி மனஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். கவலைகளைச் சாயங்காலமே நோட்டில் எழுதி, என்னால் ஆகக்கூடியதை மட்டும் குறித்துவைக்கச் சொன்னார்கள். பாதிக் கவலை அதிலேயே அடிபட்டுப்போனது.

மீதிக்கு வேலை வேண்டுமே? சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுப் பண்ணையில் சேர்ந்து ஒட்டுக் கட்ட, அதாவது கன்றின் தண்டில் நல்ல மரத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டக் கற்றேன். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் மகள் வயதுதான். "அண்ணா, கத்தி ஒரே இழுப்புல போகணும்" என்று அதட்டுவான். சரி என்று கேட்டுக்கொள்வேன். ஆலையில் சூப்பர்வைசராக இருந்தபோது இது நடந்திருக்காது.

வருமானம் பழைய சம்பளத்தில் பாதிதான். மாத்திரை தொடர்கிறது. தூக்கம் வருகிறது, கோபம் மட்டும் இன்னும் முழுசாக அடங்கவில்லை என்கிறாள் மனைவி.