வாட்ஸ்அப்பில் நூலக ரெஃபரன்ஸ் சேவை: தொடங்குவது எப்படி?

பல நூலகங்களுக்கு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. புதுவரவு நூல்களின் அட்டைப்படம் வரும், விழாப் படங்கள் வரும். வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் வராது. வாசகர் கேட்கும் தகவலைத் தேடித் தரும் ரெஃபரன்ஸ் மேசையில் நடக்கும் வேலையைப் போனுக்குக் கொண்டுவர எங்கள் நூலகத்தில் செய்ததை எழுதுகிறேன். செயலியை நிறுவுவது, முகப்புப் படம் வைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. எண்

என் தேர்வு, நிறுவனங்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. நூலகத்தின் லேண்ட்லைன் எண்ணிலேயே பதிவு செய்யலாம். சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பு வழியாகக் கேளுங்கள். நூலகரின் சொந்த எண் வேண்டாம். அவர் மாறுதலாகிப் போனால் சேவையும் கூடவே போய்விடும். கணக்கை மேசைக் கணினியிலும் இணைத்துவிட்டால் தட்டச்சு செய்வது எளிது. டெலிகிராம் சேனல் அறிவிப்புக்கு நல்லது, கேள்வி பதிலுக்கு வாட்ஸ்அப்தான் வசதி.

2. அமைப்புகள்

எந்த நேரத்தில் பதில் கிடைக்கும் என்பதை, நாம் இல்லாதபோது தானாகப் போகும் அவே மெசேஜில் எழுதுங்கள். ‘புதிது’, ‘தேடுகிறோம்’, ‘முடிந்தது’ என்று உரையாடல்களைப் பிரித்து வைக்க மூன்று லேபிள்கள் போதும். நூலக நேரம், புத்தகப் புதுப்பிப்பு போன்றவற்றுக்கு மட்டும் குவிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதிவைத்த பதில்.

3. கேள்வியைப் புரிந்துகொள்வது

பலரும் தடுமாறும் இடம் இது. “தண்ணீர் பத்தி புக் இருக்கா?” என்று ஒரு செய்தி வருகிறது. கேட்பவர் பள்ளி மாணவரா, நிலத்தடி நீரை ஆராய்பவரா, பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறவரா? நேரில் வந்திருந்தால் முகத்தைப் பார்த்தும் நாலு வார்த்தை பேசியும் பிடித்துவிடலாம். இங்கே இருப்பது அந்த ஒரு வரிதான்.

உடனே கேட்லாக்கில் தேடிப் பட்டியல் அனுப்பாதீர்கள். “தண்ணீரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். பதில் வந்தபின் மொழி, அப்புறம் எப்போது தேவை. மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டால் பெரும்பாலும் கடைசிக் கேள்விக்கு மட்டுமே பதில் வரும். “எதற்கு?” என்று நேராகக் கேட்கவும் வேண்டாம். நோயைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ தேடுகிறவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். கடைசியில், “நிலத்தடி நீர் குறைவது பற்றி, தமிழில், நாளைக்குள். சரியா?” என்று உறுதி செய்துகொண்டு தேடத் தொடங்குங்கள்.

4. பதில்

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பத்து இணைப்புகளை அள்ளிக் கொட்டுவது அதற்கு நேர் எதிர். இரண்டு போதும், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு வரி, பக்க எண், அலமாரியில் தேட அழைப்பெண் (நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்). காப்புரிமை உள்ள நூலை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்பக் கூடாது. மருத்துவக் கேள்வி என்றால் நம்பகமான மூலத்தைக் காட்டுங்கள், ஆலோசனை சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை

வாசகர்களுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பேன். ஒருவர் என்ன தேடுகிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் இடையில் இருக்க வேண்டியது. குழுவில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) சிலருக்குப் போகவில்லை என்றவர்களுக்கு: நூலக எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் உறுப்பினராகச் சேரும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.