டி.எஸ். பாலையாவைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி

நான் டப்பிங் பேசுகிறவள். தெலுங்கு, இந்திப் படங்களும் சீரியல்களும் தமிழுக்கு வரும்போது அத்தை, வக்கீல், பக்கத்து வீட்டு மாமி என்று கதாநாயகியைத் தவிர மற்ற எல்லாருக்கும் குரல் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரி வசனம், நாலு 'ம்', ஒரு பெருமூச்சு: என் பாத்திரங்கள் பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த 'ம்' ஒவ்வொன்றையும் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர், பழைய தமிழ்ப் படங்களின் குணச்சித்திர நடிகர் பாலையா. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் "அக்கா, பழைய படத்துல யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடிப்பு கற்கிறவர்களுக்கு மட்டுமில்லை, பழைய படங்களை ஆசையாகப் பார்க்கிற எவருக்கும் இது உதவும்.

வருஷ வரிசையில் தொடங்காதீர்கள். 1936-இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக வந்தவர், 1972-இல் காலமாகும் வரை நடித்தார். முப்பத்தாறு வருஷத்தை முதலிலிருந்து பிடித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் தொடங்குங்கள். அதிலும் செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பா விசுவநாதனுக்கு (பாலையா) கதை சொல்லும் காட்சி. எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் நாம் பார்த்ததெல்லாம் நாகேஷை.

முதல் தடவை எப்போதும்போல் பார்த்துச் சிரித்து முடித்துவிடுங்கள். இரண்டாம் தடவை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டு, பாலையாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நாகேஷ் சுற்றிச் சுற்றி வருகிறார், கையை ஆட்டுகிறார், வாயாலேயே பின்னணி ஒலி எல்லாம் கொடுக்கிறார். பாலையா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த முகத்தில் இருப்பது பணக்காரத் தகப்பனின் சலிப்பு: இந்தப் பயல் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான். பயம் அதற்குள் ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. முதலில் கண் மட்டும் நகர்வதை நிறுத்துகிறது. அப்புறம் உதடு. அப்புறம்தான் உடம்பு. அடுத்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும், ஆனால் தெரிந்துகொள்ளப் பயம்; இரண்டும் ஒரே முகத்தில் நிற்கும். அந்த முகம் இல்லையென்றால் நாகேஷின் கதை வெறும் சத்தம்தான். நாகேஷைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்.

மூன்றாம் தடவை படத்தைப் பார்க்கவே வேண்டாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதில் மட்டும் கேளுங்கள். பாலையாவின் பங்கு மூச்சும் முனகலும் அரைகுறைச் சொல்லும்தான். ஒவ்வொன்றும் வேறு சுருதியில் இருக்கும். டப்பிங் தியேட்டரில் 'ரியாக்ஷன்' என்று தனியாகப் பதிவு செய்வோமே, அதற்கு இதைவிடப் பெரிய பாடம் நான் கேட்டதில்லை.

அதே படத்தில் இன்னொரு இடம். தான் வேலையை விட்டுத் துரத்திய அசோக்கின் தகப்பனார் பெரிய கோடீஸ்வரர் என்று நம்பிவிடுகிறார் விசுவநாதன். மரியாதை பொங்கி வந்து, மகன் என்ற சொல்லுக்கே 'ர்' விகுதி போட்டு "மகரு" ஆக்கிவிடுவார். எழுதியது ஒரு எழுத்துதான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எடுக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். குரல் ஒரு படி இறங்கி, குழைந்து, பணத்தை நேரிலே பார்த்துவிட்ட குரலாக மாறியிருக்கும். அந்தக் குழைவைக் காதில் நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்து அதைத் தேடிக்கொண்டுதான் பின்னால் போகப்போகிறோம்.

சரி, இப்போது 1937-க்கு. படம் 'அம்பிகாபதி', எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நாயகன், பாலையா ருத்ரசேனன் என்ற வில்லன். இதுபோன்ற பழைய படங்களை ஹெட்போனில் கேட்பது நல்லது. அந்தக் காலத்தில் வசனம் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவாகும். இரைச்சல் உண்டு, பிரதியும் தேய்ந்திருக்கும். மற்ற சிலர் பேசுவது அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். பாலையாவின் குரல் அமுங்காது. நாடகக் கம்பெனியில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பேசிப் பழகிய குரல். கத்தவே மாட்டார். சொல்லின் கடைசி அசையை விழுங்காமல் இழுத்து வைப்பார். அந்த இழுவையில்தான் வஞ்சகம் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு உடனே விசுவநாதனிடம் திரும்பிப் போங்கள். அதே இழுவை அங்கேயும் இருக்கும். வில்லனாக இருந்தவர் பிற்காலத்தில் சிரிப்புக்கு மாறினார் என்று எழுதுகிறார்கள். என் காதுக்கு அப்படிப் படவில்லை. ஆசைப்படுகிறவனின் குரல் ஒன்றை அவர் இளம் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆசை ஜெயித்தால் வில்லன், தோற்றால் சிரிப்பு. குரல் ஒன்றுதான்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் 1954-இல் வந்த 'தூக்குத் தூக்கி'யைப் பாருங்கள். அதில் அவர் வடநாட்டு சேட். அடுத்தவன் மனைவியோடு கள்ள உறவு. கதைப்படி கெட்டவன்தான். ஆனால் 'நிம்பள், நம்பள்' என்று பேசிக்கொண்டு அவர் ஆடிப்பாடி வரும்போது கொட்டகை சிரித்திருக்கும். வில்லத்தனமும் சிரிப்பும் ஒரே உடம்பில் நிற்கும் படம் அது. நான் கொடுக்கும் வரிசையில் இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1956-இன் 'மதுரை வீரன்' நரசப்பனையும் கூடவே பார்த்துவிட்டால் நல்லது.

நடுவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவரை எப்போதும் இந்த இரண்டு வேலைக்குத்தான் அழைத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1949-இன் 'வேலைக்காரி'யில் கே.ஆர். ராமசாமிக்கு அறிவு சொல்லும் நண்பர் அவர். 1960-இன் 'களத்தூர் கண்ணம்மா'வில் விறைப்பான ஜமீன்தார். ஸ்டுடியோ காலத்தில் குணச்சித்திர நடிகரின் பிழைப்பு அப்படி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மாதிரி இடங்களில் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கே வைத்திருந்தார்கள். அடுத்து எந்தப் படம் தொடங்குகிறதோ அதில் எந்த வேஷம் காலியோ அது. கோவையில் ஜூபிடர், சென்னையில் ஏவி.எம், அப்புறம் ஸ்ரீதரின் சித்ராலயா என்று கம்பெனிகள் மாறின, நாயகர்கள் மாறினார்கள். பாகவதர், எம்.ஜி.ஆர், சிவாஜி, ரவிச்சந்திரன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் எதிரில் நின்றவர் இவர். அதனால் டைட்டில் ஓடும்போது தள்ளிவிடாதீர்கள். அவர் பெயர் எத்தனையாவதாக, யார் பெயருக்குப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் அந்தத் தொழில் வாழ்க்கை கண்முன்னால் தெரியும்.

இப்போது 'திருவிளையாடல்', 1965. ஹேமநாத பாகவதர். இதற்கு ஒரு மாலை நேரத்தையே ஒதுக்குங்கள்.

பாண்டியன் சபையில் அவர் பாடும் 'ஒரு நாள் போதுமா' பாடலுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. அந்த மாதிரி ஒரு குரலுக்கு வாய் அசைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உதட்டை யார் வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். மூச்சைப் பொருத்துவதுதான் கஷ்டம். பாலையாவின் மார்பையும் கழுத்தையும் பாருங்கள். சங்கதி, அதாவது ஒரே வரியை வேறு வேறு விதமாகப் பாடும் ஒவ்வொரு சுற்றும், முடிகிற இடத்தில் உடம்பு தளரும், அடுத்ததற்கு முன்னால் நிமிரும். ஜெயித்துவிட்டோம் என்ற இறுமாப்பு புருவத்தில் ஏறிக்கொண்டே போகும். சபையில் இருப்பவர்களை அவர் பார்க்கிற பார்வையில் ஒருவரும் அவருக்குச் சமமில்லை.

அப்புறம் அந்த இரவுக் காட்சி. விறகுவெட்டியாக வந்த சிவாஜி 'பாட்டும் நானே' பாடி முடிக்கிறார். பாலையா வெளியே வந்து, நீ யார், யாரிடம் பாட்டுக் கற்றாய் என்று விசாரிக்கிறார். பாணபத்திரரிடம் போனேன், உனக்குப் பாட்டு வராது என்று சேர்த்துக்கொள்ளவில்லை என்கிறார் விறகுவெட்டி. ஹேமநாதரோடு போட்டிக்குப் பாட வேண்டிய பாண்டிய நாட்டுப் பாடகர்தான் பாணபத்திரர். இங்கே படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரிய வசனம் ஒன்றும் பாலையாவுக்கு இல்லை. கேள்வி கேட்கும் குரலில் முதலில் இருந்த அதிகாரம் ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. தள்ளிவிட்ட ஆளே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓடுவது நமக்குத் தெரிகிறது. சிரிக்கவும் தோன்றும், பாவமாகவும் இருக்கும். ஊரை விட்டே அவர் கிளம்பும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துத்தான் போகிறது. கர்வம் பிடித்தவனை அவமானப்படுத்தாமல் சிரிக்க வைக்கிற அந்த நிதானத்தை இன்றைக்கு யாரிடமும் நான் பார்ப்பதில்லை.

'தில்லானா மோகனாம்பாள்', 1968. சிவாஜி நாதஸ்வரம், பாலையா தவில் முத்துராக்கு. இங்கே கையைப் பாருங்கள், குறிப்பாக வாசிக்காத நேரத்தில். ரயில் காட்சியில் கண்ணால் பேசிக்கொள்வது சிவாஜியும் பத்மினியும். அவர்களுக்குக் காவலாகவும் தொந்தரவாகவும் ஒரே நேரத்தில் இருப்பது பாலையா.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. பாலையா அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார். ஆகவே அவர் நடித்த படம் உங்கள் டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்து ஓடினால், மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வெட்டினால் முதலில் போவது கை. தவில்காரரின் கை போய்விட்டால் என்ன மிச்சம்? இழுத்தால் முகம் உப்பிப்போய்க் கண்ணின் நுணுக்கம் கெட்டுவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிற பிரதியைத் தேடுங்கள். இழுத்த படம்தான் கிடைக்கிறதென்றால் டிவி ரிமோட்டில் 4:3 அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். 'காமெடி கலெக்ஷன்' என்று நறுக்கிப் போடும் துண்டுகளையும் தவிருங்கள். பஞ்ச் வந்ததும் வெட்டிவிடுகிறார்கள். பாலையாவின் வேலை பெரும்பாலும் பஞ்சுக்கு அப்புறம்தான் இருக்கிறது.

1967-இன் 'பாமா விஜயம்', 'ஊட்டி வரை உறவு' இரண்டையும் ஓய்வாகப் பாருங்கள், குறிப்பு எடுக்க வேண்டாம். முதலாவதில் மூன்று மகன்களையும் மருமகள்களையும் கட்டி மேய்க்கும் தகப்பன், 'வரவு எட்டணா' பாட்டு அவருடையதுதான். இரண்டாவதில் சிவாஜிக்கு அப்பா, மறைத்து வைத்த ஒரு பழைய கல்யாணம்.

குறிப்பு எடுக்கிறவர்களுக்கு என் முறை இது. நோட்டில் படப் பெயர், ஆண்டு, கம்பெனி. கீழே, அவர் பேசாமல் இருக்கும் ஒரு இடம், அப்போது அவர் பார்ப்பது யாரை. அவ்வளவு போதும். நடிகர் பட்டியலில் சந்தேகம் வந்தால் அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்கள்தான் நல்ல ஆதாரம். கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் பாட்டோடு கதைச் சுருக்கமும் நடிகர் பெயர்களும் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் தன் வாழ்நாளெல்லாம் தொகுத்த தமிழ்த் திரைப்படப் பட்டியலும் உண்டு. இணையத்தில் யாரோ போட்ட பட்டியலை இவற்றோடு ஒத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பாலையா முடிந்ததும் கே.ஏ. தங்கவேலுவுக்குப் போங்கள். 'கல்யாணப் பரிசு', 1959. அங்கே ஓயாமல் பேசுகிறவர் தங்கவேலு. பொய் மேல் பொய்யாக அடுக்குவார். இத்தனை நேரம் பழகிய கண்ணோடு போகிறீர்களே, அவரை விட்டுவிட்டு எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் எம். சரோஜாவை முதலில் பாருங்கள்.