சாவித்திரியைப் பற்றி எழுதும் முன் நான்கு கட்டம் போடுங்கள்

பழைய நடிகைகளின் வாழ்க்கைக் கட்டுரைகள் பலவும் வீட்டுச் சண்டையில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. படங்கள் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி. சாவித்திரிக்கு இது கூடுதலாகவே நடக்கிறது. 2018இல் அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த ‘நடிகையர் திலகம்’ படம் வந்த பிறகு, அதில் நாடகத்துக்காகக் கோத்த காட்சிகளையே நடந்த சம்பவங்களாக எழுதுகிறார்கள். அந்தப் படத்தை ஆதாரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீளமான தாள் ஒன்றில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, படம், வீடு, ஆதாரம். 1950 முதல் 1981 வரை ஆண்டுக்கு ஒரு வரி, மொத்தம் 32. நான்காவது கட்டம் காலியாக இருக்கும் எந்தத் தகவலும் கட்டுரைக்குள் போகக் கூடாது.

படக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். அதுதான் சுலபம், ஆனால் இரட்டைக் கணக்கு விழும் இடமும் அதுதான். 1955இல் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’. கதை ஒன்று, நாயகி ஒருவர். தெலுங்கில் நாயகன் என்.டி.ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். 1957இன் ‘மாயாபஜார்’ படத்திலும் அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி. இப்படி இரு மொழியில் எடுத்தவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, பக்கத்தில் ‘இ’ என்று குறியுங்கள். மொழிமாற்றிக் குரல் கொடுத்த படங்களுக்கு ‘டப்பிங்’ என்று போடுங்கள். இரண்டையும் கலந்தால் படங்களின் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று ஏறிவிடும். ஆண்டில் சந்தேகம் வந்தால் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியலைப் பாருங்கள். பாட்டுப் புத்தகங்களும் பழைய ‘பேசும் படம்’ இதழ்களும் வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் பல நேரம் தேதியே இருக்காது. நடிகர் பெயருக்கும் கதைச் சுருக்கத்துக்கும் மட்டும் அதை நம்பலாம்.

அடுத்தது வீடு. மைசூர் சாமுண்டி கோயிலில் ஜெமினியுடன் நடந்த ரகசியத் திருமணத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு 1952. அதை எழுதிவிட்டுப் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். 1953 ‘தேவதாஸ்’, 1955 ‘மிஸ்ஸியம்மா’, 1957 ‘மாயாபஜார்’, 1961 ‘பாசமலர்’. பெயர் சொல்லும் படங்கள் எல்லாம் திருமணத்துக்குப் பின்னால்தான். ‘கல்யாணம் பண்ணியதால் தொழில் போயிற்று’ என்ற வாக்கியத்தை அடிக்க இந்த ஒரு பார்வை போதும்.

ஜெமினியின் குடும்பத்தை ‘முதலில் அலமேலு, பிறகு புஷ்பவல்லி, பிறகு சாவித்திரி’ என்று ரயில் பெட்டி போல வரிசைப்படுத்துவது இன்னொரு தவறு. புஷ்பவல்லிக்கும் ஜெமினிக்கும் மகள் ரேகா பிறந்தது 1954இல், அதாவது சாவித்திரியுடன் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்குப் பிறகு. ஆக, அந்த உறவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை, அப்படியே எழுதுங்கள். ‘அந்தக் காலத்தில் சட்டமே தடுக்கவில்லை’ என்று சமாளிக்கவும் வேண்டாம். 1955இன் இந்து திருமணச் சட்டத்துக்கு முன்பே, சென்னை மாகாணத்தில் 1949இல் இருதாரத் தடைச் சட்டம் வந்துவிட்டது.

லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் ‘சாவித்திரி கணேஷ்’ என்று கையெழுத்துப் போட்டதால்தான் திருமணம் வெளியே தெரிந்தது என்பது எல்லாக் கட்டுரையிலும் வரும். சேர்க்கலாம், ஆனால் விளம்பரம் அச்சான இதழைக் கண்ணால் பார்த்தால் மட்டும் மாதமும் ஆண்டும் போடுங்கள்.

வீழ்ச்சியை எழுதும்போதுதான் கை வழுக்கும். குடி, புருஷன், தானதர்மம் என்று ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். இங்கே படக் கட்டம்தான் கை கொடுக்கும். 1968இல் ‘சின்னாரி பாப்பலு’ படத்தை இயக்கினார். 1969இல் அதையே தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆக்கினார். 1971இல் ‘மூக மனசுலு’ என்ற தெலுங்குப் படத்தைத் தமிழில் ‘பிராப்தம்’ என்று தயாரித்து இயக்கினார். ‘பிராப்தம்’ வந்த அன்றே சிவாஜியின் இன்னொரு படம் ‘சுமதி என் சுந்தரி’யும் வந்தது. ஒரே நாயகன் இரண்டு கொட்டகையில் நின்றால் வசூல் பிரியத்தான் செய்யும். இந்த வரிகள் வீட்டுக் கட்டத்தில் கிடைக்காது. சொந்தப் படங்களில் போன பணத்தை முதலில் எழுதிவிட்டு, ஜெமினியைப் பிரிந்ததையும் குடியையும் அதன் பக்கத்தில் வையுங்கள். பிரிவுக்கு ஒரே தேதி தேடி அலையாமல் ‘60களின் கடைசியில்’ என்று விடுவதே நேர்மை.

முடிவை எழுதும்போது, 1980 மே மாதம் நினைவிழந்ததையும், ஏறத்தாழ 19 மாதம் அப்படியே கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று இறந்ததையும் சர்க்கரை நோயோடு சேர்த்தே சொல்லுங்கள். ‘குடித்தே செத்தார்’ என்பது மருத்துவமும் இல்லை, வரலாறும் இல்லை. வயதைப் போடும் முன் பிறந்த ஆண்டை ஒருமுறை பாருங்கள்: 1934 முதல் 1937 வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1935 டிசம்பர் முதல் வாரம் என்று எடுத்தால் 46; எந்த ஆண்டை எடுத்தீர்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுங்கள்.