டைம்ஷெயார் புள்ளிகளைக் கொண்டு வேறு ஊர்களில் விடுமுறை: கொழும்பிலிருந்து தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

டைம்ஷெயார், அதாவது ஒரு விடுதியில் ஆண்டுதோறும் குறித்த காலம் தங்கும் உரிமை, என்றதும் கொழும்பில் பலருக்கு நினைவுக்கு வருவது, கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியேறிய உறவினர் ஒருவர் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் வாங்கி வைத்திருக்கும் விடுதிப் பங்குதான். மத்திய கிழக்கிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்த காலத்தில் தாமே அப்படியொன்றை வாங்கிவிட்டு, ஊர் திரும்பிய பின்னர் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஆண்டுதோறும் செலுத்திக்கொண்டிருப்போரும் நம்மிடையே உள்ளனர். வாங்குவது நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. ஏற்கனவே கையில் உள்ள புள்ளிகளை (தங்கும் நாள்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் வரவு வைக்கப்படுபவை), அல்லது உறவினர் மனமுவந்து தரும் புள்ளிகளை, வாங்கிய விடுதிக்கு வெளியே வேறு ஊர்களில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை மட்டும் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாம் படி: கையில் இருப்பது என்னவென்று அறிதல்

தொடக்க காலத்தில் டைம்ஷெயார் என்பது, குறித்த விடுதியின் குறித்த அறையில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையாகவே பெரும்பாலும் விற்கப்பட்டது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போவதில் சலிப்புற்றவர்கள் தமது வாரத்தை இன்னொருவரின் வாரத்துடன் மாற்றிக்கொள்வதற்காகவே 1974 இல் ஆர்.சி.ஐ. நிறுவனமும், 1976 இல் இன்டர்வல் இன்டர்நெஷனல் நிறுவனமும் அமெரிக்காவில் தோன்றின. இன்றைக்கும் உலகின் இரு பெரிய பரிமாற்ற நிறுவனங்கள் இவைதாம். பின்னர் கழகங்கள் எனப்படும், டைம்ஷெயார் விற்கும் விடுதிக் குழுமங்கள் பல வாரத்தைப் புள்ளிகளாகப் பிரித்து விற்கத் தொடங்கின. டிஸ்னி வெக்கேஷன் கிளப் 1991 இலும், மரியட் 2010 இலும் புள்ளி முறையில் விற்பனையைத் தொடங்கின.

ஆகவே ஒப்பந்தத்தையும் கடைசி ஆண்டறிக்கையையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஆண்டுக்கு எத்தனை புள்ளிகள் வரவு வைக்கப்படுகின்றன, உங்கள் பயன்பாட்டு ஆண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது, பயன்படுத்தாத புள்ளிகள் எப்போது காலாவதியாகின்றன என்ற மூன்று விபரங்களையும் தேடுங்கள். பயன்பாட்டு ஆண்டு ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. டிஸ்னியில் அது உறுப்பினருக்கு உறுப்பினர் வேறுபடும். பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை இருந்தால் முன்பதிவு பொதுவாக முடக்கப்பட்டிருக்கும் என்பதால், அதையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. புள்ளி அல்லாமல் இன்னமும் வாரமே உங்களிடம் இருந்தால் கவலை வேண்டாம். அதைப் பரிமாற்ற நிறுவனத்தில் வைப்பிட்டால் அங்கே அதற்கொரு மதிப்பு கொடுக்கப்படும். பயண நாளுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே வைப்பிடும் வாரத்துக்கே முழு மதிப்பு கிடைக்கும்.

இரண்டாம் படி: சொந்தக் கழகமா, பரிமாற்ற நிறுவனமா

புதியவர்கள் பெரும்பாலும் நேரே பரிமாற்ற நிறுவனத்தின் இணையத்தளத்துக்குப் போய்விடுகின்றனர். அதற்கு முன், உங்கள் கழகத்துக்கே நீங்கள் போக விரும்பும் ஊரில் விடுதி உண்டா என்று பாருங்கள். கழகத்துக்குள் பதிவு செய்யும்போது பரிமாற்றக் கட்டணம் இராது. அறையின் தரமும் முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கும். மூணாறிலோ ஊட்டியிலோ தங்க விரும்பும், இந்தியக் கழகமான கிளப் மஹிந்திராவின் உறுப்பினர், அக்கழகத்துக்கே அவ்வூர்களில் விடுதிகள் இருப்பதால், ஆர்.சி.ஐ. பக்கம் போக வேண்டியதில்லை. அக்கழகத்தில் புள்ளிகளுக்குப் பதிலாக ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நிறங்களே பருவத்தின் மதிப்பைக் காட்டுகின்றன. பெயர் மாறினாலும் கணக்கின் அடிப்படை ஒன்றே.

கழகத்துக்கு வெளியே போவதானால், அக்கழகம் எந்தப் பரிமாற்ற நிறுவனத்துடன் இணைந்துள்ளது என்று கேட்டறியுங்கள். இன்டர்வல் நிறுவனத்தில் வாரம் வைத்திருப்போருக்கு இரு வழிகள் உள்ளன. வாரத்தை முதலில் வைப்பிட்டுவிட்டு அதன் பின்னர் இடம் தேடுவது ஒன்று. வேண்டிய இடம் உறுதியாகும் வரை தமது வாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோரிக்கையை மட்டும் பதிவது மற்றொன்று. முதன்முறை முயல்வோருக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். இடம் கிடைக்காவிட்டால் உங்கள் வாரம் உங்களிடமே எஞ்சும்.

மூன்றாம் படி: பருவ அட்டவணையை வாசித்தல்

இச்செய்முறையின் உயிர்நாடி இந்தப் படியில்தான் உள்ளது. ஒரு தங்கலுக்கு எத்தனை புள்ளிகள் கழிக்கப்படும் என்பதை விடுதியின் தரம், அறையின் அளவு, இரவுகளின் எண்ணிக்கை, பருவம் ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதல் மூன்றையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். பருவத்தை, அதிலும் போகும் ஊரின் பருவத்தை, கவனிப்போர் குறைவு. கொழும்புக் குடும்பங்கள் வழமையாக ஏப்ரல், ஒகஸ்ட், டிசம்பர் தவணை விடுமுறைகளிலேயே பயணம் செய்கின்றன. அந்த மாதங்கள் போகும் ஊரில் உச்சப் பருவமா, மந்தப் பருவமா என்பதைப் பொறுத்து, ஒரே அறைக்கான புள்ளிகள் ஏறக்குறைய இரு மடங்காகவும் மாறக்கூடும்.

ஒகஸ்டை எடுத்துக்கொள்வோம். மூணாறிலும் கோவாவிலும் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். புக்கெட்டிலும் மே முதல் ஒக்டோபர் வரை மழைதான். எனவே அவ்விடங்களில் புள்ளிகள் குறைவாகவும் அறைகள் தாராளமாகவும் இருக்கும். பிற்பகலில் இரண்டு மணி நேரம் பெய்து ஓயும் மழையைப் பொருட்படுத்தாதவர்களுக்குப் புக்கெட் ஒகஸ்டில் நல்ல தெரிவு. கடலில் நீந்தியே ஆக வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அலை கடுமையான காலம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பாலித் தீவில் நிலைமை தலைகீழ். அங்கே யூலையும் ஒகஸ்டும் வறண்ட, சனம் நெருக்கும் உச்சக் காலம் என்பதால் புள்ளிகளும் உச்சத்தில் நிற்கும். அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ஒகஸ்ட் குளிர்காலமாகையால், அங்குள்ள உறவினரைப் பார்க்கப் போவோருக்கு அது சிக்கனமான காலம்.

ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக நினைப்போர் பலர். இந்தியப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அப்போதே தொடங்குவதால், புள்ளிகளைக் கொட்டிக் கொடுத்தாலும் அறை கிடைப்பது அரிது. அவ்விரு மலைவாழிடங்களுக்கும் வாகனத்தில் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும், வாடகை வாகனம் பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். டிசம்பர் பெரும்பாலான இடங்களில் உச்சமே. இருப்பினும் மாதத்தின் முதல் இரு வாரங்களில் பல இடங்களில் பருவ நிறம் தாழ்ந்திருக்கும் என்பதால், பாடசாலை முன்னதாக விடும் ஆண்டுகளில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: தேடுதலும் காத்திருத்தலும்

ஆர்.சி.ஐ. புள்ளி முறையில், பிறரது விடுதிகளுக்கான பொதுவான முன்பதிவு பயண நாளுக்குப் பத்து மாதங்கள் முன்பு திறக்கும். அதற்கு முந்திய மாதங்கள் அந்தந்த விடுதியின் உரிமையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. டிஸ்னியில் சொந்த விடுதியைப் பதினொரு மாதங்கள் முன்பும், ஏனைய விடுதிகளை ஏழு மாதங்கள் முன்பும் பதியலாம். நம் பாடசாலைத் தவணை அட்டவணையோ கடந்த ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. ஆகவே ஒரே திகதியில் பிடிவாதமாக நிற்காமல், மூன்று அல்லது நான்கு வார இடைவெளியையும், இரண்டு மூன்று ஊர்களையும் கொடுத்துத் தொடர் தேடல் கோரிக்கையைப் பதிந்து வையுங்கள். யாராவது தமது வாரத்தை வைப்பிடும்போது, உங்கள் கோரிக்கைக்குப் பொருந்தினால் அது தானாகவே உங்களுக்கு ஒதுக்கப்படும் அல்லது அறிவிக்கப்படும்.

தேடல் முடிவில் அறையின் கொள்ளளவு 6/4 என்பது போலக் காட்டப்படலாம். ஆறு பேர் படுக்கலாம், ஆனால் அவர்களுள் நால்வருக்கே தனிமையுடன் கூடிய படுக்கை வசதி உண்டு, மற்ற இருவரும் வரவேற்பறை மெத்தையில்தான் என்று அதற்குப் பொருள். அம்மம்மா, அப்பப்பாவுடன் போகும் குடும்பங்கள் இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும். சமையலறை முழுமையானதா, பகுதியளவானதா, இல்லையா என்பதும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் பெரியவர்கள் உடன் வருவார்களானால், சோறு வடிக்க இடமில்லாத நட்சத்திர விடுதியை விட அடுப்புள்ள சாதாரண விடுதியே எவ்வளவோ மேல்.

ஒரே விடுதிக்குள் மீண்டும் பரிமாற்றத்தில் நுழைய நான்கு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்ற விதி சில விடுதிகளில் உள்ளது. உறவினரின் கணக்கில் தேடும்போது, அவர் சென்ற ஆண்டு அங்கே போயிருந்தால் உங்கள் கோரிக்கையும் மறுக்கப்படலாம்.

ஐந்தாம் படி: உண்மையான செலவைக் கணக்கிடுதல்

புள்ளியில் தங்குவது இலவசம் என்ற எண்ணம் தவறானது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 60,000 புள்ளிகளுக்கு 1,200 டொலர் பராமரிப்புக் கட்டணம் செலுத்துபவருக்கு ஒரு புள்ளியின் விலை இரண்டு சதம். மந்தப் பருவத்தில் ஏழு இரவுகளுக்கு 30,000 புள்ளிகள் எனில் 600 டொலர். பரிமாற்றக் கட்டணம் 250 டொலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 850, அதாவது இரவொன்றுக்கு ஏறத்தாழ 121 டொலர். அதே அறை உச்சப் பருவத்தில் 55,000 புள்ளிகள் கேட்டால், மொத்தச் செலவு 1,350 டொலராகி இரவொன்றுக்கு 193 டொலரை எட்டும். இந்த எண்ணை, அதே ஊரில் அதே அளவு அறைக்கு ஹோட்டல் முன்பதிவுத் தளங்கள் காட்டும் விலையுடன் ஒப்பிடுங்கள். ஹோட்டல் மலிவாக இருந்தால் புள்ளியை அங்கே வீணாக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

விடுதியில் நேரடியாக அறவிடப்படும் வசதிக் கட்டணம், சில நாடுகளில் மின்சாரக் கட்டணம், கரிபியன் பகுதியிலும் மெக்சிகோவிலும் சில விடுதிகள் ஆள்வீதம் கட்டாயமாக அறவிடும் உணவுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பாலிக்குப் போகும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 2024 பெப்ரவரி முதல் 150,000 ருப்பியா செலுத்துகின்றனர். கட்டணங்கள் டொலரில் அறவிடப்படுவதால், உங்கள் கடனட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்டுள்ளதா, வங்கி எந்த நாணயமாற்று வீதத்தைப் பிரயோகிக்கும் என்பவற்றைக் கிளையில் விசாரித்து வைப்பதும் அவசியம்.

ஆறாம் படி: உறவினரின் புள்ளியில் போவதானால்

ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பா தம் புள்ளிகளைத் தருவதாகச் சொன்னால், அவருடைய கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். விருப்பமான ஊர், திகதி, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பி, தேடுதலை அவரிடமே விடுவது முறை. உறுப்பினர் கணக்கைப் பிறர் இயக்குவது விதிக்கும் புறம்பானது. இடம் உறுதியானதும் அவர் உங்கள் பெயரில் விருந்தினர் சான்றிதழ் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். அதில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறி எழுதப்படும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி இடறும் இடம். சான்றிதழில் பெயர் உள்ளவர் பொதுவாக 21 வயது நிரம்பியவராக இருப்பதுடன், வரவேற்பு மேசையில் அவரே நேரில் நிற்கவும் வேண்டும்.

பரிமாற்றக் கட்டணத்தையும் சான்றிதழ்க் கட்டணத்தையும் நீங்கள் ஏற்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவுக்குள் கணக்குப் பேசுவது கூச்சமாக இருந்தாலும், பேசாமல் விட்டால் பின்னர் வரும் மனத்தாங்கல் பெரிது. அப்படிக் கிடைத்த தங்கலை இன்னொருவருக்குக் காசுக்கு விற்பதைப் பரிமாற்ற நிறுவனங்கள் தடை செய்துள்ளன. பிடிபட்டால் சித்தப்பாவின் உறுப்புரிமையே முடக்கப்படலாம்.

ஏழாம் படி: விசாவும் விமானமும்

விடுதி உறுதியாவதற்கு முன் விமானச் சீட்டு வாங்கக் கூடாது. விசா கிடைக்குமா என்று அறியாமல் விடுதியையும் உறுதிப்படுத்தக் கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் மாலைதீவுக்குச் சென்றிறங்கும்போதே அனுமதி கிடைக்கும், சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை; ஆனால் சிங்கப்பூரில் பரிமாற்ற விடுதிகள் அருமை. விடுதிகள் மலிந்து கிடக்கும் ஒர்லாண்டோவுக்கோ அமெரிக்க விசா வேண்டும். எனவே விசா நடைமுறையைத் தூதரகத்தின் தளத்தில் சரிபார்த்த பிறகே உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்துங்கள். உறுதிப்படுத்திய பின் இரத்துச் செய்தால் பரிமாற்றக் கட்டணமும் புள்ளிகளில் ஒரு பகுதியும் திரும்பாமல் போகலாம்.

வாரப் பரிமாற்றங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் தொடங்கும். அறை பிற்பகல் நான்கு மணியளவில்தான் கிடைக்கும். கட்டுநாயக்கவிலிருந்து தென்கிழக்காசியாவுக்கு நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானத்தில் ஏறினால் விடியலிலேயே போய் இறங்கிவிடுவீர்கள் என்பதால், பயணப் பொதிகளை விடுதியில் வைக்க முடியுமா என்று முன்னரே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் பரிசுக் கூப்பனுடன் ஒரு சிறு விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு வரக்கூடும். அது விற்பனைக் கூட்டம். நன்றி சொல்லி மறுப்பதால் உங்கள் தங்கலுக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை.

எட்டாம் படி: எஞ்சிய புள்ளிகள்

எஞ்சிய புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கப் பெரும்பாலான கழகங்கள் இடமளிக்கின்றன. ஆனால் அதற்கொரு கடைசித் திகதி உண்டு. டிஸ்னியில் பயன்பாட்டு ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் சேமிக்காத புள்ளிகளைப் பின்னர் சேமிக்க முடியாது. அடுத்த ஆண்டின் புள்ளிகளை முற்கூட்டியே கடனாக எடுக்கவும் முடியும். ஆயினும் எடுத்த பின் அவற்றைத் திருப்பி வைக்கப் பொதுவாக வழியில்லை என்பதால், விடுதி உறுதியாகும் கணத்தில் மட்டும், குறைகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். விமானச் சீட்டுக்கும் கப்பல் பயணத்துக்கும் புள்ளிகளை மாற்றும் வசதி சில இடங்களில் காட்டப்படும். ஐந்தாம் படியின் கணக்கை அங்கேயும் போட்டுப் பாருங்கள். இரண்டு சதத்துக்கு வாங்கிய புள்ளியைப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலைக்கே எடுத்துக்கொள்கிறார்கள்.