கிரகப்பிரவேசப் பட்டியலை மீமாம்சகர் மாதிரி வாசிப்பது எப்படி?

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே ஐயரின் பட்டியலும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதோடு சித்தி ஒரு பட்டியல், மாமியார் ஒரு பட்டியல். எதை விடலாம், எதை மாற்றலாம் என்று வீட்டில் சண்டை. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தம் படித்துச் சம்பளம் வாங்கும் எனக்கு, இதற்கு, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் பழைய மரபான பூர்வ மீமாம்சையைவிட நல்ல கருவி தெரியாது.

முதல் வேலை, பென்சிலோடு உட்கார்ந்து 'செய்ய வேண்டும்' என்று ஏவும் வரிகளை மட்டும் கோடிடுவது. ஏவலால் அறியப்படும் நன்மையே தர்மம் என்பது, அந்த மரபின் மூல நூலை எழுதிய ஜைமினியின் இரண்டாவது சூத்திரம். வேதத்தில் 'செல்வம் வேண்டுபவன் வாயுவுக்கு வெள்ளை விலங்கைப் பலியிட வேண்டும்' என்பது விதி, அதாவது ஏவல். தொடர்ந்து வரும் 'வாயு மிக வேகமான தேவதை' என்பது அர்த்தவாதம், அதாவது அந்த விதியைப் புகழ்ந்து ஆளைத் தூண்டும் பேச்சு. அதனால் பட்டியலில் 'லட்சுமி நிரந்தரமாகத் தங்குவாள்' என்றிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அது எந்த விதியைப் புகழ்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், பொருள் முக்கியமா, செய்கிற விதம் முக்கியமா என்று கேளுங்கள். யாகத்துக்கான நெல்லின் உமியை நகத்தாலும் உரிக்கலாம். ஆனாலும் உலக்கையால் குத்தச் சொன்னால் குத்தியே ஆக வேண்டும் என்பார்கள் மீமாம்சகர்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கச் சொன்ன இடத்தில் கடையில் வாங்கிய பிள்ளையாரை வைத்தால், பிள்ளையார் இருப்பார், பிடிப்பது விட்டுப்போகும்.

சிங்கப்பூரில் அதிகம் உதவுவது மாற்றுப் பொருள் பற்றிய விவாதம். ஜைமினி நூலின் 12 அத்தியாயங்களில் ஆறாவதில் அது வருகிறது. விதித்த நெல் கிடைக்காவிட்டால் அதை ஒத்த நீவாரம் என்ற காட்டு நெல்லை எடுக்கலாம். கையில் கிடைத்ததை அல்ல, மிக ஒத்ததை. ஆனால் தேவதை, அக்னி, மந்திரம், செயல் இவற்றுக்கு மாற்று கிடையாது. பலனைப் பெறும் எஜமானருக்கும் பொதுவாகக் கிடையாது. ஆக, தேக்கா சந்தையில் மாவிலை தீர்ந்துவிட்டால் வழி தேடலாம். மகனுக்கு ஷிப்ட் என்று ஒன்றுவிட்ட தம்பியைச் சங்கல்பத்துக்கு உட்கார வைப்பதுதான் இடிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஜைமினி பேசும் அக்னி யாகத்துக்கென நிறுவிய அக்னி. பால் காய்ச்சுவது வீட்டு வழக்கம், அந்த விதியை இங்கே இழுக்க வேண்டாம். வேதத்தோடு முரண்படாத பெரியோர் வழக்கத்தை மீமாம்சகர்கள் ஏற்பார்கள். சரி, பாட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டியை நம்பலாமா? ஓர் அறிவைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு வரும்வரை அது செல்லும் என்பது மீமாம்சகரான குமாரில பட்டரின் நிலை. சந்தேகப்படுபவர்தான் காரணம் காட்ட வேண்டும். ஆனால் மனிதர் பேச்சில் பேசுபவரின் குறை கலந்திருக்கலாம். வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, அதனால் அந்தக் குறையும் இல்லை என்பது அவர்கள் வாதம். யார் எழுதியதென்று தெரியாத வாட்ஸ்அப் செய்திக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஆசிரியர் இல்லாதது வேறு, பெயர் போடாதது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் கோடிட்ட வரிகளில் சிலவற்றுக்கு மாற்று புரியாமல் நிற்கும். அவற்றை மட்டும் ஐயரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அதிகாலை முகூர்த்தத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்.