மாட்டிறைச்சியில் குதிரை இறைச்சி கலந்திருப்பதைக் கண்டறியும் முறை

இறைச்சியை அரைத்துவிட்டால் எலும்பு, தோல், தசையின் அமைப்பு ஆகிய அடையாளங்கள் மறைந்துவிடுவதால், அது எந்த விலங்கினுடையது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஆய்வில், மாட்டிறைச்சி பர்கர் ஒன்றில் இருந்த குதிரை இறைச்சி, மாட்டிறைச்சியின் அளவோடு ஒப்பிடுகையில் 29 விழுக்காடாக இருந்தது.

முதற்கட்டச் சோதனைக்கு, விலங்குகளின் உடலில் சேமிக்கப்படும் மாவுப்பொருளான கிளைக்கோஜன் உதவுகிறது. குதிரையின் தசையில் இது மாட்டின் தசையில் இருப்பதைவிட அதிகம். 50 கிராம் இறைச்சியைப் பொடியாக நறுக்கி, 200 மில்லி நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்ட வேண்டும். வடிநீரில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் சேர்த்தால் புரதங்கள் படியும். அவற்றை நீக்க மீண்டும் வடிகட்டிய பின், சோதனைக் குழாயில் அதன்மேல் புதிதாகத் தயாரித்த அயோடின் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் செவ்வூதா வளையம் தோன்றினால் குதிரை இறைச்சி இருக்கலாம் என்று ஐயுறலாம். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அமிலத்தைத் தொடக் கூடாது.

இந்த வளையத்தை மட்டும் நம்பி ஒருவர்மீது கலப்படக் குற்றம் சாட்டுவது அநீதி. கல்லீரலிலும் கிளைக்கோஜன் மிகுதி. மாவு சேர்த்த பண்டங்களில் ஸ்டார்ச் நீல நிறம் தந்து குழப்பும். நாள்பட்ட இறைச்சியிலோ கிளைக்கோஜன் சிதைந்துபோய், குதிரை இறைச்சியேகூடப் பிடிபடாமல் தப்பிவிடும்.

கொழுப்பு அடுத்த சான்றைத் தரும். குதிரைக் கொழுப்பின் அயோடின் எண் (100 கிராம் கொழுப்பு ஏற்கும் அயோடினின் கிராம் அளவு) ஏறத்தாழ 71 முதல் 86 வரை. மாட்டுக் கொழுப்பில் அது பெரும்பாலும் 46-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் பன்றிக் கொழுப்போ தாவர எண்ணெயோ கலந்திருந்தால் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

உறுதியான விடையைத் தருவது, டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையே. சூடாக்கினால் புரதம் உருமாறிவிடுவதால், குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் சோதனைகள் பல சமைத்த இறைச்சியில் தடுமாறுகின்றன. டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்தாலும் படிக்கத்தக்க நிலையில் எஞ்சுகிறது. ஒவ்வொரு உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ பல பிரதிகளாக இருப்பதால், அதிலுள்ள சைட்டோகுரோம் பி மரபணுவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மாதிரியின் உட்பகுதியிலிருந்து சிறு துண்டை எடுத்து, புரோட்டினேஸ் கே நொதியால் செரிக்கவைத்து, டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, குதிரைக்கு மட்டுமே பொருந்தும் ப்ரைமர்களை (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளில் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழைகளை) சேர்த்துப் பெருக்க வேண்டும். பெருகிய டிஎன்ஏ, கூழ்மத் தகட்டில் ஒரு பட்டையாகத் தெரியும். பதப்படுத்திய பண்டமானால் 200 காரஇணைகளுக்கும் (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு) குறைவான பகுதியைப் பெருக்கும் ப்ரைமர்களே ஏற்றவை. உண்மையான குதிரை இறைச்சி, தூய மாட்டிறைச்சி, வெறும் நீர் ஆகிய மூன்றையும் உடன்வைத்துச் சோதிக்காத முடிவை ஏற்கக் கூடாது. வெறும் நீர் வைத்த சோதனைக் குழாயிலேயே குதிரைக்குரிய பட்டை தோன்றினால் முழுச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

பிசிஆர் மிக நுண்ணிய தடயத்தையும் காட்டிவிடும் என்பதால், கழுவாத அரைவை எந்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சமும் முடிவில் தெரியக்கூடும். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய சோதனைகளில் 1 விழுக்காடு வரம்பாகக் கொள்ளப்பட்டது. ஆகவே பட்டை தெரிந்ததும், டிஎன்ஏவின் அளவையும் கணக்கிடும் அளவறி பிசிஆர் செய்து, கிடைத்த அளவையும் பயன்படுத்திய முறையையும் அறிக்கையில் சேர்த்தே எழுத வேண்டும்.