குதிக்கிற கேம், யோசிக்கிற கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல இண்டி கேம் (பெரிய கம்பெனி இல்லாமல் ஓரிருவரோ சின்னக் குழுவோ செய்யும் கேம்) ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் இரண்டு: செலஸ்ட், பாபா இஸ் யூ. முதலாவது குதிக்கிற கேம், அடுத்தது யோசிக்கிற கேம். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன், விட்டுட்டேன்." மாட்டிக்கொள்வதில் தப்பே இல்லை, இந்த வகை கேம்களைச் செய்வதே நம்மை மாட்டவைக்கத்தான். எப்படி மாட்டியிருக்கிறோம் என்று பார்க்காமல் விடுவதில்தான் கோளாறு.

குதிக்கிற கேமில் வழி கண்ணெதிரே தெரியும், கைக்குத்தான் வராது. யோசிக்கிற கேமில் கைக்கு வேலையே கிடையாது, வழி தெரியாது. முன்னதில் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும். பின்னதில் அதே நான்கு நகர்வை ஐம்பது தடவை செய்தாலும் ஐம்பதாவது தடவையும் அதே இடத்தில்தான் முட்டுவோம். ஆனால் நடப்பது நேர்மாறு. செலஸ்டில் பத்து தடவை செத்ததும் "நமக்கு இது சரிப்படுமா?" என்று யோசனை ஆரம்பமாகிறது. பாபாவில் யோசிக்காமல் கையில் அகப்பட்டதையெல்லாம் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

சாவை எண்ணும் தவறிலிருந்தே தொடங்கலாம். மூன்று உயிர், அது போனால் முதலிலிருந்து என்பது பர்மா பஜார் டிவி கேமும் '9999 இன் 1' கேசட்டும் நமக்குப் பழக்கிவிட்ட கணக்கு. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. செத்த மறுகணமே லெவலின் தொடக்கத்தில் நிற்போம். ஒருவழியாக முடித்ததும், அதுவரை செய்த அத்தனை முயற்சிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டும். சிவப்புக் கட்டிகள் (அதுதான் நம் ஹீரோ) கூட்டமாகக் கிளம்பி, ரம்பத்தில் பட்டு உதிர்ந்துகொண்டே போய், கடைசியில் ஒன்று மட்டும் போய்ச் சேரும். 2018இல் வந்த செலஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், சாவு எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படுங்கள், அத்தனையும் நீங்கள் கற்றுக்கொண்டது என்று தபால் அட்டை போட்டே சொல்கிறது. ஒரு அத்தியாயத்துக்கு நூறு, இருநூறு சாவெல்லாம் சர்வசாதாரணம்.

எண்ணுவதற்குப் பதில் எதனால் செத்தோம் என்று பாருங்கள். செலஸ்டில் புதிதாக ஆடுபவர்கள் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது நாம் ஆட்டும் நாயகி மேடலினின் தலைமுடியை. சிவப்பாக இருந்தால் காற்றில் ஒருமுறை பாயலாம். பாய்ந்ததும் நீலமாகிவிடும், தரையைத் தொட்டால் மறுபடி சிவப்பு. நீல முடியோடு, பாய்வதற்கான டேஷ் பட்டனை அழுத்திவிட்டு "பட்டன் வேலை செய்யல" என்று திட்டுபவர்கள் நிறைய. அதேபோல, சுவரைப் பிடித்துத் தொங்கியபடி யோசிக்காதீர்கள். அவளுக்குத் தெம்பு தீரத் தீர உடம்பு சிவப்பாக மின்னும், அப்புறம் வழுக்கிவிடும். யோசனையைத் தரையில் நின்றே முடித்துவிட வேண்டும்.

"கேம் அநியாயம் பண்ணுது" என்பது அடுத்த புகார். நல்ல பிளாட்ஃபார்ம் கேம்கள் (குதிக்கிற கேம்களுக்கு அதுதான் பெயர்) உண்மையில் நமக்காகத்தான் கள்ளாட்டம் ஆடுகின்றன. செலஸ்டில் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதி உண்டு. தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவைக்கும். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் குதி தவறிக்கொண்டே இருந்தால், ஹாலில் இருக்கும் டிவியைச் சந்தேகப்படுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று சில டிவிகள் தாமதப்படுத்தும் நேரம், கேம் நமக்குத் தரும் அந்தச் சலுகையையே விழுங்கிவிடும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். (சீரியல் நேரத்தில் அந்த டிவி நமக்குக் கிடைக்காது என்பது தனிக்கதை.) புளூடூத் ஹெட்செட்டும் இதே ரகம்தான், குதித்து முடித்த பிறகு குதித்த சத்தம் வரும். வயர் போட்டது உத்தமம்.

கன்ட்ரோலர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் பெட்டியையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டால் நடுவில் அசையாமல் நிற்கிறதா? திசை பட்டனில் வலப்பக்கம் மட்டும் அழுத்தினால் கூடவே மேல்பக்கமும் சேர்ந்து பதிவாகிறதா? மலிவான சிலவற்றில் அப்படி ஆகும். வலதுபக்கம் பாய வேண்டிய மேடலின் சாய்வாக மேலே பாய்ந்து முள்ளில் போய் விழுவாள், பழி நம் கட்டைவிரல் மேல் வரும். நல்லது கிடைக்காவிட்டால் கீபோர்டே போதும்.

செலஸ்டில் இருக்கும் அசிஸ்ட் மோட் போடுவதை அவமானமாக நினைப்பதும் வேண்டாம். கேமின் வேகத்தைக் குறைக்கலாம், தெம்பு தீராமல் வைக்கலாம், சாகாமல்கூட ஆடலாம். செய்தவர்களே தந்திருக்கும் வசதி அது. மாட்டிய ஒரு அறைக்கு மட்டும் வேகத்தை எண்பது சதவீதத்துக்கு இறக்கி, கை பழகியதும் நூறுக்கே திரும்பிவிடலாம். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

எல்லாவற்றையும் பொறுக்கியே தீருவேன் என்று நிற்பதால் பாதியில் நின்றுபோன கேம்கள் ஏராளம். டெர்ரி கேவனா 2010இல் வெளியிட்ட விவிவிவிவிவி கேமில் குதிக்கவே முடியாது, புவியீர்ப்பைத் தலைகீழாக்கி மேற்கூரைக்கு விழலாம், அவ்வளவுதான். அதில் ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு, அதன் மறுபக்கம் மினுங்கும் ஒரு பொருள். வேறு எந்தக் கேமாக இருந்தாலும் ஒரு சின்னக் குதி போதும். இங்கே அதற்கு முள் நிறைந்த சந்து வழியாகத் திரை திரையாக மேலே விழுந்து, உச்சியில் திரும்பி, அதே முட்கள் வழியாகக் கீழே விழுந்து திட்டின் மறுபக்கம் வந்து சேர வேண்டும். கேவனாவின் குறும்பு அது. அப்படிப்பட்ட பொருள்கள் மொத்தம் 20, கதையை முடிக்க ஒன்றுகூடத் தேவையில்லை. செலஸ்டின் ஸ்ட்ராபெர்ரிகளும் அப்படித்தான். நண்பர்களிடம் பீற்றிக்கொள்ள உதவும், வேறு பயன் இல்லை என்று கேமே சொல்லிவிடுகிறது. முதல் தடவை கதையை முடியுங்கள். ஆசை மிச்சம் இருந்தால் பொறுக்கத் திரும்பி வரலாம்.

சரி, யோசிக்கிற கேமுக்கு வருவோம். இதில் மிகப் பெரிய தவறு, மாட்டிய ஐந்தாவது நிமிடம் யூடியூபைத் திறப்பது. குதிக்கிற கேமில் வீடியோ பார்த்தாலும் பாதகமில்லை, பார்த்ததைக் கை செய்தாக வேண்டுமே. பசிலில், அதாவது யோசிக்கிற கேமில், விடையைப் பார்த்துவிட்டால் அந்த லெவலில் மிச்சம் எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு அதில் கற்றிருக்க வேண்டிய விஷயம் அடுத்த மூன்று லெவலுக்குத் தேவைப்படும், அங்கேயும் வீடியோவைத் தேட வேண்டியிருக்கும். 2008இல் பிரெய்ட் கேமை வெளியிட்ட ஜொனாதன் ப்ளோ, அதிகாரபூர்வமான வாக்த்ரூ (கேமை முடிக்க வழி சொல்லும் குறிப்பு) என்றே ஒரு பக்கம் போட்டார். விடை தேடிப் போனவர்களுக்கு அங்கே கிடைத்தது ஒரு புத்திமதி: புதிர்களெல்லாம் நியாயமானவை, நீங்களே போடுங்கள். குசும்புதான், ஆனால் சரியான குசும்பு.

உதவி கேட்கவே கூடாது என்றில்லை, கேட்கும் விதம் இருக்கிறது. முடித்த நண்பன் ஒருவன் இருந்தால், "மச்சி, விடையச் சொல்லாத. அந்தச் சாவி இந்த லெவலுக்கு வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்ற ஒரு பதில் போதும், பாதிக் கதவு திறந்துவிடும்.

பாபா இஸ் யூவில் இதை நன்றாகப் பார்க்கலாம். (பெயரைக் கேட்டதும் கை தானாக நடு இரண்டு விரலை மடக்கினால் நீங்கள் நம்ம ஊர்க்காரர்.) பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்கரி 2017இல் ஒரு கேம் ஜாமில் (குறுகிய நேரத்துக்குள் கேம் செய்யும் கூடல்) ஆரம்பித்து, 2019இல் முழு கேமாக வெளியிட்டார். இதில் விதிகளே தள்ளக்கூடிய சொற்களாகத் தரையில் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கும்வரை சுவர் தடுக்கும். அதில் ஒரு கட்டையை நகர்த்திவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். 'வால் இஸ் யூ' என்று அமைத்துவிட்டால் நாமே சுவர்.

இதை ஆடுபவர்கள் எடுத்த எடுப்பில் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் திரையின் மூலைகளைப் பாருங்கள். இங்கே தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஜப்பானில் 1982இல் வெளிவந்த சோகோபானிலிருந்தே இந்த வகைக்கு அதுதான் சட்டம். ஆகவே மூலையில் ஒட்டி எழுதிய விதியை யாராலும் கலைக்க முடியாது. அதற்குப் பின்னால் போய் நிற்க இடமே இருக்காது. அப்படி எழுதியிருந்தால், "இதைத் தொடாதே, வழி வேறு எங்கோ இருக்கிறது" என்று தெய்கரி சொல்கிறார் என்று அர்த்தம். கலைக்கக்கூடிய விதிகள் எவை, சும்மா கிடக்கும் சொற்கள் எவை என்று பிரித்துப் பார்த்தாலே பல லெவல்களில் கையிருப்பு மூன்று, நான்கு கட்டைகளுக்குள் வந்துவிடும். பிறகு, வழக்கமாகப் போய்ச் சேர வேண்டிய இலக்கான கொடியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசி நகர்வு என்னவாக இருக்க முடியும், அதற்கு முந்தையது எது? தவறாகப் போனால் ஒவ்வொரு நகர்வாகத் திரும்பப் பெறலாம், அதற்குத் தண்டனை ஏதும் இல்லை. ஆனாலும் பலர் லெவலை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

அப்படியும் வரவில்லையா, மூடிவிட்டு எழுந்து போங்கள். பீச்–தாம்பரம் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதோ கத்திரிக்காய் நறுக்கும்போதோ விடை வரும், திரை முன்னால் முறைத்துக்கொண்டிருக்கும்போது வராது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இன்னொரு லெவலுக்குத் தாவுங்கள். பாபாவில் ஒரே சமயத்தில் பல லெவல்கள் திறந்திருக்கும். 2020இல் வந்த எ மான்ஸ்டர்ஸ் எக்ஸ்பெடிஷனில் மரத்தைச் சாய்த்து, உருட்டி, பாலமாக்கித் தீவு தீவாகப் போகிறோம். ஒரு தீவில் மாட்டினால் வேறு பக்கம் போகப் பெரும்பாலும் இடம் இருக்கும். 2016இல் வந்த தி விட்னஸில் வழியில் புரியாத குறிகளோடு ஒரு கதவு நிற்கும். அந்தக் குறியைச் சொல்லித்தரும் இடம் தீவின் வேறு மூலையில் இருக்கிறது. பூட்டிய கதவையெல்லாம் இன்றே திறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தலைவலிதான் மிஞ்சும்.

பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஃபெஸ் மாதிரி கேம்களில் சுவரில் கிறுக்கியிருப்பது அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அது ஒரு முழு எழுத்துமுறை.

வாங்கும்போது நடக்கும் தவறுகள் சில. எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை வைத்து விலையை வகுத்துப் பார்ப்பது அதில் ஒன்று. இன்சைட் என்ற கேம் ஒரே மாலையில் முடிந்துவிடும், அதை முப்பது மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் கெட்டிருக்கும். சைஸைப் பார்த்து இளக்காரமாக நினைப்பது இன்னொன்று. 2024இல் வந்த அனிமல் வெல் ஏறக்குறைய 33 எம்பிதான். பில்லி பாசோ என்ற ஒரே ஆள் ஏழு ஆண்டு உட்கார்ந்து செய்தது. சேல் வந்ததும் பத்து கேம்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒன்றையும் திறக்காமல் விடுவதைப் பற்றி நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, டெமோ இருந்தால் முதலில் அதை ஆடிப் பாருங்கள் என்பதைத் தவிர.

கடைசியாக, "ரொம்ப கஷ்டமாமே, எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போம்" என்று ஸ்டீபன்ஸ் சாசேஜ் ரோலில் போய் ஆரம்பிக்காதீர்கள். சாசேஜை உருட்டி உருட்டி அடுப்பில் வாட்ட வேண்டும், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு தடவைதான் வேகலாம், இரண்டாவது தடவை பட்டால் கருகிவிடும். அருமையான கேம், ஆனால் தொடக்கத்திலேயே கருணை காட்டாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதில் முதல் சில லெவலைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த 2 மணி நேரம் போய்விடும்.